டாக்பேக்கை விட்டதும் கடைசிச் சொல் நேரலையில் போய்விடுகிறது. பெட்டியின் கோளாறா, விரலின் கோளாறா?

வாசகர் கேள்வி, மார்ச் 3, மாலை

வர்ணனைக்கு நான் புதிது. எனக்குக் கொடுத்திருக்கும் வர்ணனைப் பெட்டியில் நான்கு பட்டன்கள்: ஆன் ஏர், இருமும்போது மைக்கை அடக்கும் காஃப், தயாரிப்புக் குழுவோடு மட்டும் பேசுவதற்கான டாக்பேக் 1, டாக்பேக் 2. போன ஆட்டத்தில் டாக்பேக் 1-ஐ அழுத்திக்கொண்டு தயாரிப்பாளரிடம் "ரீப்ளே இப்ப வருமா, வராதா?" என்று கேட்டேன். அதில் "வராதா" மட்டும் நேரலையில் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் பந்துவீச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, நடுவில் என் "வராதா". சவுண்ட் இன்ஜினியர் பெட்டியில் ஒன்றுமில்லை என்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டனை விட்டபின் அரை நொடி கழித்துத்தான் மைக் மெயினுக்கு, அதாவது நேரலை லைனுக்கு, திரும்ப வேண்டும், அப்படிச் செய்யாத பெட்டி மோசமான வடிவமைப்பு என்பது என் கட்சி. சரிதானே?

மார்ச் 3, இரவு

பெட்டி சரி. விரல்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் மாதத்தில் எல்லாருக்கும் நடப்பதுதான். வாக்கிடாக்கி மாதிரி நினைத்துக்கொண்டு கை வேலை செய்கிறது. அதில் அழுத்தினால் பேச்சு, விட்டால் அமைதி. வர்ணனைப் பெட்டி அதற்கு நேர் தலைகீழ். ஆன் ஏர் விளக்கு எரிகிறவரை உங்கள் மைக் மெயின் லைனில்தான் உட்கார்ந்திருக்கிறது. டாக்பேக்கை அழுத்தினால் அதை மெயினிலிருந்து பிடுங்கித் தயாரிப்பாளர் பக்கம் திருப்பிவிடுகிறீர்கள். விரலை எடுத்ததும் அது பழைய இடத்துக்கே ஓடிவிடும். காஃப் பட்டனும் இதே ஜாதி. அழுத்தியிருக்கும்வரை உங்கள் குரல் எங்கும் போகாது. விட்ட நிமிடம் எல்லா வீட்டுக்கும் போகும்.

விரல் எப்போதும் வாயை முந்தும். வாக்கியம் முடியப்போகிறது என்று தெரிந்ததுமே கை தளர்கிறது, நாக்கு இன்னும் கடைசி அசையில் இருக்கிறது. நான் செய்வது: பேசி முடித்ததும் உதட்டை ஒட்ட மூடுவேன். உதடு ஒட்டியதை உணர்ந்தபிறகுதான் விரல் மேலே வரும். பார்க்கக் கேவலமாக இருக்கும். மீன் வாயை மூடுவது போல என்று கூட இருப்பவர் சொல்வார்.

மார்ச் 4, காலை

தூங்கி எழுந்ததும் ஒன்று தோன்றியது. நம் மொழியில் இந்தத் தவறுக்குத் தண்டனை இரட்டிப்பு. தமிழில் வினை கடைசியில். கேள்வியா, மறுப்பா, திட்டா எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. "மூணாவது கேமரா ஏன் இன்னும் அங்கேயே நிக்குது" என்பதில் நேரலைக்குப் போவது "நிக்குது". "இவர் பேசுறது ஒண்ணும் புரியல" என்பதில் போவது "புரியல". பக்கத்திலிருந்தவர் ஒரு பேட்ஸ்மேனை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்து நிறுத்திய இடத்தில் என் "புரியல" விழுந்ததுண்டு. நேயருக்கு அது பதில் மாதிரியே கேட்டிருக்கும்.

அதனால் டாக்பேக்கில் மட்டும் வாக்கியத்தைப் புரட்டிப் போடப் பழகினேன். "வருமா ரீப்ளே?" "போதும் ஸ்லோமோஷன்." கசிந்தாலும் கசிவது பெயர்ச்சொல்தான். "ரீப்ளே" என்ற சொல் நேரலையில் விழுந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

மார்ச் 4, மதியம்

அரை நொடித் தாமதம் பற்றி நேற்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். சாதாரணப் பேச்சில் நொடிக்கு நான்கிலிருந்து ஆறு அசை போகும். உங்கள் அரை நொடி இரண்டு மூன்று அசையை விழுங்கும். தயாரிப்பாளரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டம்ப் பறக்கிறது, பட்டனை உதறிவிட்டு "அவுட்!" என்று கத்துகிறீர்கள். நேயருக்குப் போவது "ட்!" மட்டும், அல்லது அதுவும் இல்லை. "வராதா" கசிந்ததை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். விக்கெட் விழுந்த நொடியில் ஊமையாக இருந்ததைத் தொகுப்பில் ஆயுளுக்கும் போடுவார்கள்.

திரும்புவது உடனடியாகத்தான் இருக்கவேண்டும். என் முடிவு அது.

மார்ச் 5

முதல் குறிப்பில் ஒரு திருத்தம். டாக்பேக்கை அழுத்தினால் மெயின் அறுந்துவிடும் என்று எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். விளையாட்டு வர்ணனைப் பெட்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அது பெட்டியின் அமைப்பைப் பொறுத்தது. சில இடங்களில் ஆன் ஏர் பட்டனையே செயலிழக்கச் செய்து, மைக்கைத் திறப்பதும் மூடுவதும் இன்ஜினியரின் ஃபேடர் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) பாடு என்று வைத்திருப்பார்கள். ரேடியோ ஸ்டுடியோ மேசை வேறு உலகம். அங்கே மைக் ஃபேடரை ஏற்றியதும் அறை ஸ்பீக்கர் தானாக அடங்கும், வாசல் சிவப்பு விளக்கு எரியும். டாக்பேக் பட்டன் பெரும்பாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில்.

ஆகவே புதுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் நான் முதலில் செய்வது எண்ணுவது. இன்ஜினியரை மெயின் லைனை மட்டும் காதில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து பத்துவரை ஒரே வேகத்தில் எண்ணுங்கள். மூன்று சொன்னபின் டாக்பேக்கை அழுத்தி, ஏழு சொன்னபின் விடுங்கள். அவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று, எட்டு, ஒன்பது, பத்து மட்டும் கேட்டிருக்கவேண்டும். எல்லா எண்ணும் கேட்டால் உங்கள் பெட்டி டாக்பேக்கின்போது மெயினை அறுக்கவில்லை. அன்று முழுக்க வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். காஃபுக்கும் இதையே செய்யவும். மொத்தமே ஒரு நிமிட வேலை. "மைக் டெஸ்டிங்" என்று மூன்று முறை கத்துவதில் இந்த எதுவும் தெரியவராது.

மார்ச் 6, இரவு

"டாக்பேக்கை ஒருமுறை தட்டினால் அப்படியே நிற்கிற மாதிரி, லாட்ச் முறையில் வைத்துக்கொண்டால் விரல் பிரச்சினையே இல்லையே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு என் சொந்தக் கதையைத்தான் பதிலாகச் சொல்லமுடியும்.

ஒரு கைப்பந்து இறுதியாட்டம். அன்றைய பெட்டியில் டாக்பேக் பட்டன் கலப்பு முறையில் இருந்தது. அழுத்திப் பிடித்தால் பிடித்தவரை வேலை செய்யும். சட்டென்று தட்டினால் நின்றுவிடும், மறுபடி தட்டினால்தான் விலகும். எனக்கு அது தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அணிப்பட்டியல் தாளை இழுத்தபோது மணிக்கட்டின் எலும்பு பட்டனில் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறது. பச்சை விளக்கு எரிந்திருக்கும். அதன்மேல் அந்தத் தாளே கிடந்தது.

ஆட்டத்தின் மிக நீண்ட ராலி அப்போதுதான். உயிரைக் கொடுத்துப் பேசுகிறேன். காதில் என் குரல் கணீரென்று கேட்கிறது. நடுவில் தயாரிப்பாளர், "எனக்கு ஒருத்தனுக்கு எதுக்கு சார் இவ்வளவு வர்ணனை?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகப் பேசினேன். அவர் இரண்டாம் முறை சொன்னபோது குரலில் கிண்டல் இல்லை. தாளைத் தூக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட நாற்பது நொடி நேயருக்குக் கூட்டத்தின் இரைச்சலும் பந்தடிக்கும் சத்தமும் மட்டும்.

மறுநாள் ஒருவர் அழைத்து, அந்த ராலிக்கு வார்த்தையே வேண்டாம் என்று ஒதுங்கி நின்ற உங்கள் முதிர்ச்சி அபாரம் என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

லாட்ச் வேண்டாம். கலப்பு முறை கண்டிப்பாக வேண்டாம். ஆன் ஏர் மட்டும் லாட்சாக இருக்கட்டும், இரண்டு மணிநேரம் யார் அழுத்திக்கொண்டிருப்பது.

மார்ச் 7

"காதில் உங்கள் குரல் கேட்டதே, பிறகெப்படி தெரியாமல் போனது?" நல்ல கேள்வி. காதில் கேட்பது சைட்டோன். உங்கள் மைக்கிலிருந்து பெட்டிக்குள்ளேயே ஒரு கிளை பிரித்து ஹெட்ஃபோனுக்குக் கொடுப்பது. மெயினுக்குப் போனாலும் டாக்பேக்குக்குப் போனாலும் அது ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். மைக் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி. குரல் எங்கே போகிறது என்று அதைக் கேட்டால் சொல்லாது.

சைட்டோனைக் குறைத்து வைப்பவர்கள் கத்துவார்கள். இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார் 1911-இல் எழுதிவைத்தார்; அவர் பெயரிலேயே அந்த விளைவை அழைக்கிறார்கள். மைதான இரைச்சலோடு, காதை மூடிய ஹெட்செட்டில் தன் குரலும் சரியாகக் கேட்கவில்லை என்றால் இரண்டாவது மணிநேரத்தில் தொண்டை போய்விடும். சைட்டோனைக் கொஞ்சம் கூட்டுங்கள், குரல் தானாக இறங்கும். என் தொண்டைக்கு எந்தக் கஷாயத்தையும் விட இந்தக் குமிழ்தான் நல்லது செய்திருக்கிறது.

மார்ச் 7, சற்று நேரம் கழித்து

அப்படியானால் சைட்டோனுக்குப் பதில், ஒளிபரப்பாகி வருகிற ஒலியையே காதில் வாங்கினால் நேரலையில் போகிறோமா இல்லையா என்று தெரிந்துவிடுமே என்று இரண்டு பேர். தெரியும். பேசத்தான் முடியாது.

புவிநிலைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஒளிபரப்பு அதன் வழியாகப் போனால், ஒருமுறை ஏறி இறங்கவே சிக்னலுக்குக் கிட்டத்தட்டக் கால் நொடி ஆகும். இடையில் உள்ள கருவிகளின் தாமதம் தனி. தன் குரலே சுமார் 200 மில்லிநொடி தள்ளி காதில் விழுந்தால் சரளமாகப் பேசுகிறவனும் திக்க ஆரம்பிப்பான். 1950-களிலிருந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வருகிறார்கள். நான் சோதிக்கவில்லை, அகப்பட்டுக்கொண்டேன்: இன்ஜினியர் என் காதுக்குத் தவறான ரிட்டர்னை (திரும்பி வரும் ஒலியை) கொடுத்துவிட்டார், "வணக்கம்" என்ற ஒரே சொல்லில் நாலு தடவை தடுக்கி விழுந்தேன்.

இதற்காகத்தான் மிக்ஸ் மைனஸ். மொத்தக் கலவையிலிருந்து உங்கள் குரலை மட்டும் கழித்து உங்களுக்கு அனுப்புவார்கள். கூட்டம், ஸ்டுடியோ, கூட்டாளி எல்லாம் கேட்கும், நீங்கள் மட்டும் இருக்கமாட்டீர்கள். உங்கள் குரல் பெட்டிக்குள்ளிருந்தே தாமதமில்லாமல் வரும். நெட்வொர்க் கேபிளில் ஓடும் புதுப் பெட்டிகளில் சில மில்லிநொடி தாமதித்த குரல் திரும்பி வந்தாலும் தொல்லைதான். திக்கல் வராது, ஆனால் எலும்பு வழியாகக் கேட்கும் சொந்தக் குரலும் ஹெட்ஃபோன் குரலும் மோதி, குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போலிருக்கும்.

என் காது அமைப்பு: இடது காதில் நிகழ்ச்சி, வலது காதில் தயாரிப்பாளர். மாற்றிப்போட்டால் அன்றைக்கு நான் நானில்லை.

மார்ச் 9

பட்டனை அழுத்தும்போதெல்லாம் "டொக்" என்று ஒரு சத்தம் நேரலையில் போகிறதாம் ஒருவருக்கு. கண்டென்சர் மைக்குக்கு மைக் கேபிள் வழியாகவே ஊட்டும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் போகும் லைன் எங்கேயோ ஸ்விட்சாகிறது என்று நினைக்கிறேன். டைனமிக் மைக் உள்ள ஹெட்செட்டுக்கு அது தேவையே இல்லை, அணைத்துவிடச் சொல்லுங்கள்.

மார்ச் 10

நேற்று சொன்னது அநேகமாகத் தப்பு. அவர் படம் அனுப்பியிருக்கிறார். மைக் ஸ்டாண்டும் பெட்டியும் ஒரே மெல்லிய பலகை மேசையில். பட்டனை இவர் குத்துகிற குத்து பலகை வழியாக ஸ்டாண்டில் ஏறி மைக்குக்குப் போகிறது. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுத்திப் பார்க்கச் சொன்னேன். சத்தம் இல்லையாம். அடியில் நாலாக மடித்த துணி ஒன்று போதும். கூடவே, பட்டனை மெதுவாக அழுத்தலாம். லிஃப்ட் பட்டனை நாலு தடவை குத்தினால் சீக்கிரம் வரும் என்று நம்புகிற ஆள் போலிருக்கிறது.

மார்ச் 12

காஃப் பட்டனைப் பற்றி யாருமே கேட்கவில்லை. ஆனால் டாக்பேக்கை விட அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

இருமல் ஒன்றோடு நிற்காது. முதல் இருமல் முடிந்தது என்று விட்டவுடன் குட்டி இருமல் ஒன்று காத்திருக்கும். அதைவிட மோசம் இருமலுக்குப் பின் இழுக்கும் மூச்சு. தொடர்ந்து ஒரு வாய் தண்ணீரையும் பட்டனை விடாமலே குடித்துவிடுவேன், விழுங்குகிற சத்தமும் போகாது.

இன்னொரு விஷயத்தை முதல் நாளே எழுதியிருக்கவேண்டும். நீங்கள் காஃபை அழுத்தினால் அடங்குவது உங்கள் மைக் மட்டும். பக்கத்து நாற்காலிக்காரர் மைக் திறந்தே இருக்கிறது! அவர் வாய்க்கும் அவர் மைக்குக்கும் 5 செ.மீ., உங்கள் வாய்க்கும் அவர் மைக்குக்கும் 50 செ.மீ. என்று வையுங்கள். தூரம் பத்து மடங்கு. திறந்தவெளிக் கணக்கில் ஒலி அழுத்தம் பத்தில் ஒன்று, அதாவது 20 டெசிபல் குறைவு. இருமலுக்கு 20 டெசிபல் ஒரு பொருட்டே இல்லை. டாக்பேக்கில் கத்தினாலும் இதே வழியில் போகும்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் "வராதா" உங்கள் மைக் வழியாகத்தான் போனது என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? மந்தமாக, தூரத்திலிருந்து வந்த மாதிரி இருந்ததா, இல்லை பளிச்சென்றா? பதிவை ஒருமுறை கேளுங்கள். மந்தமாக இருந்தால் விரல் குற்றமற்றது. நான் மார்ச் 3-இல் போட்ட தீர்ப்பைத் திரும்பப் பெறவேண்டியிருக்கும்.

லிப் மைக் என்று ஒன்று உண்டு, பழைய வர்ணனைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ரிப்பன் மைக், மேலே உள்ள பட்டையை மேலுதட்டில் ஒட்ட வைத்துப் பேசவேண்டும். தூரம் மாறவே மாறாது, பக்கத்து இரைச்சல் வெகுவாகக் குறையும். பார்ப்பதற்கு மின்சார ரேசரால் மீசை மழிப்பது போலிருக்கும். ஆனால் ஒரு கை எப்போதும் அதிலேயே போய்விடும். பட்டனுக்கு ஒரு கை, லிப் மைக்குக்கு ஒரு கை என்றால் தாளைப் புரட்ட மூன்றாவது கைக்கு எங்கே போவது.

மார்ச் 13

டாக்பேக் ரகசியப் பேச்சு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான இடங்களில் அது பொது லைன். தயாரிப்பாளர் முன்னால் ஸ்பீக்கரில் ஒலிக்கும். அவர் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கூட்டாளியின் உச்சரிப்பைப் பற்றி நான் டாக்பேக் 2-இல் சொன்ன ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்தக் கூட்டாளியும் ஒருவர். அவர் வலது காதில் அந்த லைனும் இருந்தது. அரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

மார்ச் 16

அணைந்த மைக் அணையாத கதைகளைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க அதிபராக இருந்த ரீகன் 1984 ஆகஸ்ட் 11 அன்று வானொலி உரைக்கு முன் குரல் சோதனையில் ரஷ்யாவின்மீது ஐந்து நிமிடத்தில் குண்டுவீச்சு என்று ஜோக் அடித்தார். நேரலையில் போகவில்லை, ஆனாலும் வெளியே கசிந்துவிட்டது. சோதனைக்கு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதில் இன்னொரு நன்மை அது.

நமக்குப் பக்கமான கதை பிரிட்டிஷ் கால்பந்து வர்ணனையாளர் ரான் அட்கின்சனுடையது. 2004 ஏப்ரல், மொனாக்கோ–செல்சி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி முடிந்தது. பிரிட்டனில் ஒளிபரப்பு வர்ணனையாளர்களை விட்டு நகர்ந்துவிட்டது. ஒரு வீரரைப் பற்றி இனவெறிச் சொல் பேசினார். அதே மைக் மத்திய கிழக்கில் சில நாடுகளுக்கு இன்னும் போய்க்கொண்டிருந்தது. வேலை போனது. சொன்னது மன்னிக்கக்கூடியதல்ல, அது வேறு வழக்கு. மைக் விஷயத்தில் எனக்கு அதில் கிடைத்த பாடம்: "முடிஞ்சுது" என்று காதில் சொல்கிறவர் தன் ஒளிபரப்பைப் பற்றித்தான் சொல்கிறார். அதே லைனை வேறு யார் யார் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை.

ஹெட்செட்டைக் கழற்றுமுன் ஆன் ஏரை நானே அணைப்பேன், சிவப்பு அணைந்ததைக் கண்ணால் பார்ப்பேன். அதன்பிறகும் கழற்றி மேசையில் வைத்த ஹெட்செட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதில்லை.

மார்ச் 19

கேள்வி கேட்டவர் பதிவைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார். "வராதா" பளிச்சென்று, கிட்டத்திலிருந்து கேட்கிறதாம். "வ" இல்லை. "ராதா" மட்டும். நேயர்களில் சிலர் ராதா என்று யாரையோ கூப்பிட்டதாக நினைத்திருக்கிறார்கள்.

பாதியில் அறுந்த சொல், கிட்டத்துக் குரல். ஆக விரல்தான். முதல் தீர்ப்பு நிற்கிறது.

எண்ணும் சோதனையும் செய்தாராம். எட்டில் தொடங்கவேண்டிய இடத்தில் இன்ஜினியருக்கு "ழு" கேட்டிருக்கிறது. உதட்டை மூடும் வித்தையோடு மறுபடி செய்தபோது சுத்தமாக எட்டு.

மார்ச் 21

அவருடைய கடைசிக் கேள்வி: உதட்டை மூடுவது ஆட்டத்தின் சூட்டில் மறந்துவிடுகிறது, வேறு வழி உண்டா?

வாக்கிடாக்கிக்காரர்கள் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் "ஓவர்" என்பார்களே, அதையே சேர்த்துக்கொள்ளுங்கள். "ரீப்ளே இப்ப வருமா, ஓவர்." விரல் முந்தினால் கசிவது "ஓவர்" மட்டும். கிரிக்கெட் வர்ணனையில் அதை எவனும் கண்டுகொள்ளமாட்டான்.

கைப்பந்துக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.